இருவர் உட்காரும் பெட்டி

செங்கல்பட்டுச் சித்திரை வெயிலில் ஒருத்தி காசு கொடுத்துச் சூட்டுப் பெட்டி வாங்கக் கிளம்பினால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். கேளம்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டம்மா, "இன்னாத்துக்கு? மொட்டை மாடி சும்மாதானே கீது?" என்றே கேட்டுவிட்டார். நானும் சிரித்து வைத்தேன். காலையில் என் கணவரின் மூட்டுகள் இறுகிக் கிடப்பதை ஊருக்கெல்லாம் யார் விளக்கிக்கொண்டிருப்பது?

அவருக்கு முடக்குவாதம். சூடு நோயைத் தீர்க்காது, வலிக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், அளவோடு உட்காரலாம் என்றார் டாக்டர். நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போன பிறகு அவர் தனியாக உட்கார்ந்து எழுந்துகொள்ள வேண்டும். அதனால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து சூடு பிடிக்கும் அகச்சிவப்பு சானாப் பெட்டி போதும் என்று முடிவு செய்து, படுக்கையறை மூலையை அளந்தும் வைத்திருந்தேன்.

மாமல்லபுரம் போகும் வழியில் இருந்தது கடை. விற்பனையாளர் சின்னப் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு, "உள்ள குந்திப் பாருங்க சார். சூடு மெதுவாத்தான் ஏறும்" என்றார். கணவர் சட்டையோடே போய் உட்கார்ந்தார். கரண்ட் எவ்வளவு இழுக்கும், மரத்தில் வியர்வை நாறுமா என்று நான் வெளியே அந்த ஆளைக் குடைந்துகொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது, கண்ணாடிக் கதவை அவர் உள்ளங்கையால் தள்ளிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு மடங்கியது. முழங்கையை வைத்தார், தோளைக் கொடுத்தார். புதுக் கதவு, காந்தம் இறுக்கிப் பிடித்திருந்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி உட்கார்ந்துகொண்டார். அணு ஆய்வுக்கூடத்தில் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் இருப்பதை இயந்திரக் கைகளால் ஒரு சொட்டுச் சிந்தாமல் எடுத்துவைத்த மனிதர்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"சாருக்கு எழுந்துக்கவே மனசில்ல" என்றார் விற்பனையாளர்.

"ஏங்க, கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன்.

"ஆபீஸ் பழக்கம். வெளிய இருக்கறவங்க சரின்னு சொல்லாம கதவுகிட்டப் போகமாட்டோம்."

விற்பனையாளர் மரியாதையாகத் தலையாட்டினார். வேறு வழியில்லாமல் நானும் ஆட்டினேன்.

"ரெண்டு பேர் உட்கார்றது இருந்தா காட்டுங்க" என்றார் கணவர்.

"அது நம்ம மூலையில அடங்காதுங்க. உங்களோட சேர்ந்து நான் எதுக்கு வேகணும்?"

அவர் சிரிக்கவில்லை. அந்த ஆள் பெரிய பெட்டியின் விளக்கைப் போடப் போகும்வரை காத்திருந்தார்.

"நீ ஸ்கூல்லேர்ந்து வந்தப்புறமே உட்கார்றேன்" என்றார். தன் கைகளைப் பார்த்தபடி, "எனக்குத் தள்ள வரலம்மா."

வலிக்கிறது என்றுகூட அதுவரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அழுகை வந்தது, கடையில் அழ முடியாது.

"கட்டிலை ஹால்ல போட்டுக்கலாங்க" என்றேன்.