செப்புக் குழாய்க்குள் போன புகை

கோயமுத்தூரில் மகன் வீட்டுக்கு ஏசி மாட்ட வந்த பையன், சுருட்டி வைத்திருந்த செப்புக் குழாயைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "தாத்தா, இந்த மூடியை மட்டும் யாரும் கழட்டாமப் பாத்துக்கங்க, டீ குடிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் திரும்பி வரும்வரை நாற்காலியைக் குழாய்க்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தேன். மருமகள் சிரித்தாள். அறுபது வருடங்களுக்கு முன்னால் இதே வேலையை எனக்குக் கொடுத்த ஒருவரை நான் ஏமாற்றியவன் என்பது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் மலைமேல் இத்தலாரில் இருந்தோம். சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சை இலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புவது அப்பாவின் தொழில். தேயிலை விலை விழுந்த வருடம் அது. ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. எங்கள் இலைக் கொட்டகை காலியாகக் கிடந்தது. ஊரில் பலர் இலையைப் பறிக்காமல் விட்டுவிட்டு உருளைக்கிழங்குக்குத் திரும்பினார்கள். ஆனால் விதைக் கிழங்கைக் கோடை தாண்டிக் காப்பது பெரும்பாடு. முளைவிட்டுச் சுருங்கும், இல்லையென்றால் அந்துப்பூச்சி துளைக்கும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கோயமுத்தூரில் ஐஸ் கம்பெனியில் ஃபிட்டர். அவர்தான் வழி சொன்னார். கொட்டகையின் பாதியை அடைத்துக் குளிர் அறை கட்டிவிட்டால் ஊர்க் கிழங்கெல்லாம் அதற்குள் தூங்கும் என்றார். குந்தா அணையிலிருந்து ஊருக்குக் கரண்ட் வந்த புதிது. அப்பா ஒப்புக்கொண்டார். இது ஓடிவிட்டால் பக்கத்து ஊர்களில் இன்னும் இரண்டு அறைகள் மாமாவுக்குக் கிடைப்பதாக இருந்தது. பிறகு வேலையை விட்டுவிட்டு எங்களோடே மலையில் இருந்துவிடுவார். அம்மா அதற்குள் அவருக்குப் பெண்கூடப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

புல்மேல் பனி உறைகிற ஊரில் குளிருக்கு மெஷின் வைக்கிறார்கள் என்பது ஊருக்கே வேடிக்கை. கிழங்குக்காரர் ஒருவர் தினமும் வந்து நின்று சீண்டுவார்.

"ஏனுங்க ஃபிட்டரு, மூட்டையை வாசல்ல வெச்சா விடியறதுக்குள்ள வெறச்சுப் போகுது. இதுக்கு எதுக்குங்க மெஷினு?"

"வாசல் பனி நாம சொன்ன பேச்சைக் கேக்குமுங்களா? இது கேக்கும். திருப்புனா நிக்கும், திருப்புனா ஓடும்" என்பார் மாமா, குழாயை வளைத்துக்கொண்டே.

அவர் குழாய் வளைக்கும் அழகை நாள்முழுதும் பார்க்கலாம். செப்புக்குமேல் ஒரு ஸ்பிரிங்கை மாட்டி, முழங்காலில் வைத்து மெல்ல அழுத்துவார். ஒரு நசுங்கல் இருக்காது. வெளியே மெஷின், உள்ளே குளிர்ப் பெட்டி. இரண்டுக்கும் நடுவே சுவரைத் துளைத்து ஒரு தடித்த குழாயும் ஒரு மெல்லிய குழாயும் போயின. அவற்றை இணைக்கும் முன், குளிருக்கான கேஸ் சிலிண்டர் எடுத்துவர அவர் குன்னூர் போக வேண்டியிருந்தது. குழாய் முனைகளில் ரப்பர் மூடி போட்டு, வேட்டித் துணியைக் கிழித்து இறுகக் கட்டினார்.

"மாப்ளே, நீதான் காவல். இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போனாலும் மெஷின் செத்துரும். தெரியுதா?"

"சரிங்க மாமா" என்றேன்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. வாயைத் திறந்தால் புகை வரும் குளிர். பென்சிலை உதட்டில் வைத்துப் பீடி குடிப்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டு. அவ்வளவு நீளக் குழாயைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. தண்ணீர்தானே கூடாது? தடித்த குழாயின் இரண்டு மூடிகளையும் கழற்றினேன். தங்கச்சியைக் குளிர் அறைக்குள் அனுப்பிவிட்டு, வெளியிலிருந்து ஊதினேன்.

"புகை வருதா?"

"வரலைண்ணா! இன்னும் நல்லா ஊது!"

காது அடைக்கும்வரை ஊதினேன். வரவில்லை. இடம் மாற்றிக்கொண்டோம், அவள் ஊதினாள், நான் பார்த்தேன். காற்று வந்தது, புகை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து ஆளுக்கொரு முறை முயன்றார்கள். வெயில் ஏறி, எங்கள் வாயிலிருந்தே புகை வருவது நின்ற பிறகுதான் விட்டோம். என் பக்கத்து மூடியை நான் கட்டினேன். உள்பக்கத்து மூடியைத் தங்கச்சி கட்டினாள்.

மறுநாள் மாமா சிலிண்டரோடு வந்தபோது கொட்டகையில் கூட்டம் நின்றது. அவசரத்தில் துணிகளைக் கத்தியால் அறுத்துத் தன் சாமான் பெட்டிக்குள் எறிந்துவிட்டு, குழாய்களை இணைத்தார். மெஷின் ஓடியது. குழாய்மேல் வெள்ளையாகப் பனி படர்ந்தது. கிழங்குக்காரர் அதைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "அட, கடிக்குதுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நாற்பது மூட்டை உள்ளே போயிற்று.

மாலைக்குள் குளிர் நின்றுவிட்டது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, குளிர் மட்டும் இல்லை. மாமா வெந்நீர்த் துணியால் வால்வைச் சூடாக்கினார், குளிர் வந்தது. இரண்டு மணி நேரத்தில் மறுபடி நின்றது. மூன்று நாள் இதே கதை. உள்ளே ஈரம் இருக்கிறது, வால்வின் ஊசித்துளை போன்ற வழியில் அது உறைந்து அடைக்கிறது என்றார். நான்காம் நாள் கிழங்குக்காரர்கள் மூட்டைகளைத் திரும்ப எடுத்துப் போனார்கள்.

அன்று மாமா சாமான் பெட்டியைக் கவிழ்த்து ஏதோ தேடினார். அறுந்த துணித் துண்டு ஒன்று கையில் வந்தது. முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது: இரண்டு காதும் இரண்டு வாலுமாக, ரிப்பன் கட்டுகிற பூ முடிச்சு. அதைப் பார்த்தார். முற்றத்தில் நொண்டியடித்துக்கொண்டிருந்த தங்கச்சியின் சடையைப் பார்த்தார்.

"மாப்ளே, நான் குன்னூர் போன அன்னிக்கு இங்க தண்ணி கிண்ணி ஏதாச்சும்...?"

"தண்ணியே தொடலீங்க மாமா" என்றேன், அவர் கண்ணைப் பார்த்து.

அப்பா உள்ளே வந்து மாமாவிடம் கேட்டார். "மூடி வெச்சுட்டுத்தான் போனேன்னு சொன்னியே மாப்ளே. வெச்சியா இல்லையா?"

மாமா துணியைச் சட்டைப் பைக்குள் திணித்தார். "ஒரு பக்கம் மறந்துட்டனுங்க மச்சான்."

"மறந்துட்டியா? ஊரையே கூட்டி வெச்சு என் மூஞ்சியில கரியப் பூசிட்டு, மறந்துட்டேங்கறே?"

மாமா குனிந்து, கொட்டிய சாமான்களைப் பெட்டிக்குள் எடுத்து வைத்தார். எனக்கு ஒரே வியப்பு. இரண்டு பக்கமும் மூடியிருந்தது, கழற்றியவனே நான்தான். பெரியவர்களுக்கு ஞாபகம் குறைவு என்று நினைத்துக்கொண்டேன். கழற்றியதைச் சொன்னால் அடி விழும் என்பதும் தெரிந்திருந்தது. தங்கச்சியோடு நொண்டியடிக்கப் போய்விட்டேன்.

அந்த இரண்டு அறைகளும் மாமாவுக்குக் கிடைக்கவில்லை. அப்பா அவரை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்தினார். அம்மா, தம்பியைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை கோயமுத்தூர் போய் வந்தாள். சில வருடங்கள் கழித்துப் பள்ளிக்கூடத்தில், குளிர்ந்த டம்ளரின் மேல் மூச்சை ஊதச் சொல்லி, நீர்த்துளியைக் காட்டி, வாத்தியார் பாடம் நடத்தினார். அந்தப் பெஞ்சிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்று மாலையே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். மாமாவுக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். சிறுவனாகச் செய்ததை மன்னிக்கலாம். விளங்கிய பிறகும் வாயை மூடிக்கொண்டதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. மாமா காலமாகிப் பல வருடங்களாகின்றன.

அவர் ஊரைவிட்டுப் போன காலையில் பஸ் நிற்குமிடம்வரை பெட்டி தூக்க நான்தான் போனேன். நல்ல குளிர். ஏறுவதற்கு முன் பையிலிருந்து இரண்டு ரப்பர் மூடிகளை எடுத்து என் கையில் வைத்தார்.

"வெச்சுக்க மாப்ளே. தங்கச்சிக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு."

மாமாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று பூரித்துப்போனேன். பஸ் வளைவில் மறையும்வரை கை காட்டினேன். திரும்பும்போதுதான் மனம் சுருக்கென்றது. குழாய்க்குள் ஊதிய புகையெல்லாம் எங்கே போயிற்று என்று அவரிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். கேட்காமல் விட்டுவிட்டோமே என்று வீடு வரும்வரை வருந்திக்கொண்டே வந்தேன்.