ராகேல் சொன்ன ஆமென்

ராகேலுக்கு மெதுவாகப் பேச வராது. முந்திரி ஆலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. கணவர் தங்கையன் குவைத்தில் கட்டட வேலை. ஒரே மகள் ரெனிஷாவைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது பெரும்பாலும் ராகேலின் பிடிவாதம்தான்.

2014-ல் ரெனிஷாவின் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர், ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டு அவளைப் பலவந்தப்படுத்தினார். அவள் தள்ளிவிட்டு விடுதிக்கு ஓடினாள். விடுதிக் காப்பாளர் தேவகனி அவளை உட்காரவைத்து, துருவிக் கேட்காமல், சொன்னதை அப்படியே நம்பினார். மறுநாள் பல்கலைக்கழகத்தின் புகார்க் குழுவுக்கும் கூடவே போனார். அப்படி ஒருத்தர் வாய்ப்பது பாக்கியம்.

வீட்டில் அது வாய்க்கவில்லை. ஊருக்குத் தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள், புகாரை வாபஸ் வாங்கு என்று ராகேல் போனில் மன்றாடினாள். ரெனிஷா முடியாது என்றாள். விசாரணைக்கு மட்டும் வா அம்மா, அது போதும் என்றாள். ராகேல் போனை வைத்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரியான எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வாரம் எங்கள் சர்ச்சின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ராகேல் ஒரு ஜெபக் குறிப்பு கொடுத்தாள். தெரிந்த ஒரு பிள்ளை யார்மேலோ புகார் கொடுத்திருக்கிறது, அதற்கு நல்ல புத்தி வர ஜெபிக்க வேண்டுமாம். பெயர் சொல்லவில்லை. அவள் முகம் கிடந்த கிடப்பில் பெயர் எதற்கு? சங்கத் தலைவி பூங்கனி ஜெபிக்கக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, அந்தப் பிள்ளை சொன்ன சொல்லிலே உறுதியாய் நிற்கப் பெலன் தாரும். அவளைப் பின்வாங்கச் சொல்லுகிறவர்களின் வாயைக் கட்டும்."

எல்லாரும் ஆமென் என்றோம். பழக்க தோஷத்தில் ராகேல்தான் எல்லாருக்கும் மேலே சத்தமாகச் சொன்னாள். சொன்ன பிறகே திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

வெளியே வந்ததும் பூங்கனியைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டது ஒன்று, நீ ஜெபித்தது ஒன்று என்று சண்டை. பூங்கனி அசரவில்லை.

"நான் அந்தப் பிள்ளைக்க இடத்தில நின்னு ஜெபிச்சேன், ராகேலு. உனக்க இடத்தில இல்ல."

ஆண்டவர் முன்னால் 'அப்படியே ஆகட்டும்' என்று ஆமென் சொன்னதை மாற்றிச் சொல்கிற தைரியம் ராகேலுக்குக் கிடையாது. விசாரணை நாளில் பஸ் ஏறினாள். துணைக்கு நானும் போனேன்.

குழு அறைக்கு வெளியே தேவகனியோடு உட்கார்ந்திருந்த ரெனிஷா, அம்மாவைக் கண்டு எழுந்தாள். சந்தோஷப்படவில்லை, பயந்தாள். அதற்குள் பேராசிரியரின் நண்பர் ஒருவர் ராகேலிடம் வந்து குழைந்தார். தவறான புரிதல் என்று எழுதிக் கொடுத்தால் போதும், பெண்ணின் பெயரும் கெடாது, பெற்ற தாய் சொன்னால் கேட்பாள் என்றார். ரெனிஷா தரையைப் பார்த்தாள்.

ராகேல் மகள் பக்கம் திரும்பினாள். அவ்வளவு மெல்லிய குரல் அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

"உள்ள போயி நடந்ததச் சொல்லு மக்கா. நான் இங்கதான் இருக்கேன்."

அந்த நாள்வரை யார் முன்னாலும் அழாத பெண், அம்மாவின் தோளில் முகம் புதைத்து விம்மினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழு இருந்த அறைக்குள் போனாள்.