இரண்டு மொழி மாளு

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு எதிரே, செல்வி நடத்தும் சாப்பாட்டுக் கடையில் பழனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். அவருடைய கணவர் பாலக்காட்டுக்காரர். இங்கிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். அவர்களுடைய சின்ன மகள் மாளு, மூலையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள்.

"மூணு வயசு வரைக்கும் இவ சரியாவே பேசலீங்க," என்கிறார் செல்வி, தோசையைத் திருப்பிப் போட்டபடி. "ரெண்டு பாஷைல புள்ள குழம்புது, ஒண்ண விட்ருங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. இவங்கப்பாவும் மனசக் கல்லாக்கிட்டு, மலையாளத்த விட்டுட்டு இவகிட்டத் தமிழ்ல பேசிப் பாத்தாருங்க. இவ ஓடிப்போயி அவரு வாயப் பொத்திப்போட்டா. அப்புறம் எப்படிங்க விடுறது?"

வெளியே லாரி வந்து நிற்கிறது. அப்பா இறங்கி உள்ளே நுழைவதற்குள் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து கத்தல் கேட்கிறது.

"அச்சா, நோக்கு! பூச்ச ப்ரசவிச்சு!"

அதே மூச்சில் அடுப்புப் பக்கம் திரும்புகிறாள்.

"அம்மா, பாரு! பூனை குட்டி போட்டிருச்சு!"

ஒரு சொல்கூட மொழி மாறி விழவில்லை. நான் டீயைக் குடிக்க மறந்து அவளையே பார்க்கிறேன். ஒருநாள் பேச்சே வராதோ என்று பயந்த பிள்ளை இவள்.

மலையாளத்தில் சொன்னபோதே செல்விக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு, இப்போதுதான் கேள்விப்படுகிறவரைப் போல ஓடி வருகிறார்.

"அப்படியா கண்ணு?"