நுழைவது நீங்கள்தானா?

என் சித்திக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'சி.ஐ.டி.' என்பது. மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் ஆர்டர் பிரிவு அவள் பொறுப்பு. அதே கூடத்தின் மறுகோடியில் பில் போடுகிறவள் நான். கேஸை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பாள். டப்பாவின் மேல் ஒட்டிய பெயரைப் படித்துவிட்டு, உள்ளே இருப்பதும் அதுதானா என்று திறந்து பார்ப்பாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்த என்னை இறக்கிவிட்டு, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்ன புண்ணியவதி. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவள் பிறவியிலேயே அப்படி இல்லை.

ஒருமுறை, ரத்தாகிப்போன ஆர்டர் ஒன்று எப்படியோ உறுதியாகிவிட்டது. குளிர்பெட்டியில் இருக்கவேண்டிய தடுப்பூசி அத்தனையும் மூடிக்கிடந்த ஒரு கிளினிக்கின் வாசலில் வெயிலில் கிடந்து வீணாய்ப் போனது. உறுதி செய்தது யார் என்று பார்த்தால், கம்ப்யூட்டரில் சித்தியின் பெயர். "நான் பண்ணலையே" என்று சொல்லிப் பார்த்தாள். திரையில் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்போது அவள் பேச்சு எங்கே எடுபடும்? மேனேஜர் எல்லோர் முன்னாலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார். அன்றிலிருந்து சித்திக்குத் தன் மேலேயே சந்தேகம். நான்தான் ஏதோ நினைப்பில் அழுத்தித் தொலைத்தேனோ என்று என்னிடமே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

இந்த நிலையில், ஆர்டர் அனுப்பும் ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் இணையதளத்தில் புதுக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பாஸ்வேர்டு மட்டும் போதாது. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் உரியவரின் போனுக்கு ஒரு கேள்வி வரும்: 'நுழைவது நீங்கள்தானா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். சித்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன்னைப் போலவே சந்தேகப்படும் ஓர் இணையதளம்!

மறுநாள் விடியற்காலை, முகம் கழுவிக்கொண்டிருந்தவளின் போன் கூவியது. நுழைவது நீங்கள்தானா? சோப்பு நுரையோடு 'இல்லை'யை அழுத்தினாள். மறுபடி கேட்டது. மறுபடியும் இல்லை. அதுவும் விடவில்லை, இவளும் விடவில்லை. கடைசியில் கணக்கையே பூட்டிவிட்டதாகத் தகவல் வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"யாரோ என் பேர்ல உள்ள போகப் பாக்குறாங்கடி. விட்டேனா பாரு!"

அலுவலகம் போனால் ஒரே ரகளை. ஒரு ஆர்டர்கூட வந்து சேரவில்லை. வண்டிகள் காலியாக நிற்கின்றன. மேனேஜர் குதித்தார்.

"உங்களை யாருங்க இல்லைன்னு அழுத்தச் சொன்னது?"

"நான் வீட்ல இருந்தேன் சார். நான் இல்லாதப்ப ஆமான்னு எப்படி அழுத்துறது?"

புதிதாகச் சேர்ந்திருந்த கம்ப்யூட்டர்காரர் தலையைச் சொறிந்தார். "அது திருடன் இல்ல மேடம், நம்ம சாஃப்ட்வேர். தினமும் காலைல அதுவா உள்ள போய் ஆர்டரை உறுதி பண்ணி எடுத்துட்டு வரும்."

"அதுக்கு எதுக்கு என் பேரு?"

"அதுக்குன்னு தனிப் பேரு கேட்டு வாங்கணும். எனக்கு முன்னாடி இருந்தவரு சோம்பல்பட்டு உங்க பேரு, பாஸ்வேர்டையே போட்டு வச்சிட்டாரு."

மேனேஜருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "சரி, இனிமே காலைல வந்தா ஆமான்னு தட்டிவிடுங்க."

"வர்றது அதுதானா, வேற எவனாவதான்னு எனக்கு எப்படி சார் தெரியும்? மாட்டேன்."

கம்ப்யூட்டர்காரர் நல்ல மனுஷன், அவள் பக்கம் நின்றார். சாஃப்ட்வேருக்குத் தனிப் பேர் வாங்கலாம், அதற்குப் போன் கிடையாது என்பதால் ஒரு ரகசியச் சாவியைக் கொடுத்துவிட்டால், அந்த ஆம்-இல்லைக்குப் பதிலாக நேரத்துக்கு நேரம் மாறும் ஓர் எண்ணை அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிக்கொள்ளும் என்றார்.

"சாவியை எங்க வைப்பீங்க? பாஸ்வேர்டு பக்கத்துலயேவா?" என்றாள் சித்தி.

"இல்ல மேடம், அது தனியா, பூட்டின இடத்துல" என்று சிரித்தார்.

அதற்கு முன்னால் சித்தியின் பெயரில் நடந்தவற்றைப் பிரிக்க உட்கார்ந்தார். ஆபீஸ் திறக்கும் முன் நடந்ததெல்லாம் சாஃப்ட்வேர், மற்றதெல்லாம் மேடம். சித்தி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்தத் தடுப்பூசி ஆர்டரைக் காட்டச் சொன்னாள்.

"இதுவா? விடிகாலை. இதுவும் சாஃப்ட்வேர்தான் மேடம். ரத்தானது தெரியாம உறுதி பண்ணியிருக்கு" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சித்தி கத்தவில்லை. நேராக மேனேஜரிடம் போனாள்.

"என்னை நிக்க வச்ச இடத்துல நின்னு, அது நான் இல்லைன்னு சொல்லுங்க சார்."

"அதான் தெரிஞ்சிருச்சே, விடுங்க."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

கூடத்தில் யாரும் வேலை பார்க்கவில்லை. அவர் வந்து நின்றார். "அன்னைக்கு அதைப் பண்ணது இவங்க இல்ல" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். சித்தி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வாசலிலேயே சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் பெருமையாகச் சிரித்தார்.

"நீ பண்ணியிருக்க மாட்டேன்னு எனக்கு அப்பவே தெரியுமே!"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அப்புறம் ஏன் அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். அன்று அதே கூடத்தில் இருந்த நான் தரையைப் பார்த்தேன்.