சைக்கிள் வண்டியா, சாமானா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூர் தொழிற்பேட்டையில் எனக்கு அசெம்பிளி வேலை. கிராமத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் சைக்கிளில் போவேன். எங்கள் ஊர் பஸ் வருவதற்குள் எட்டு மணிச் சங்கு ஊதி முடிந்துவிடும். கம்பெனி பஸ்ஸோ டவுனைத் தாண்டாது. சைக்கிள் இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை.

மொபெட் வாங்கித் தருகிறேன் என்று அண்ணன் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். ஹைவேயில் லாரிப் புகை பட்டே என் துப்பட்டா கறுத்துக் கிடந்தது. அந்தப் புகையில் என் பங்கையும் சேர்க்க மாட்டேன் என்று ஒரு வீம்பு. வீம்புதான், இருக்கட்டுமே.

அந்த வருடம் கம்பெனியில் சுற்றுச்சூழல் நாள் விழாவுக்கு ஏற்பாடு நடந்தது. முதல் வேலையாக எங்கள் சைக்கிள் ஷெட்டைக் காலி செய்து அதிகாரிகளின் கார்களை நிறுத்தினார்கள். ஷெட்டின் நெற்றியில் ஒரு பேனர்: 'பூமி சூடாகிறது, புகையைக் குறைப்போம்.' படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேட்டில் செக்யூரிட்டி என்னை மறித்தார். எல்லை தாண்டி, கர்நாடகத்து அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர், நல்ல மனிதர்.

"வண்டிங்க மட்டுந்தான் உள்ள வுடச் சொல்லியிருக்காங்க. சைக்கிளு வண்டியில்லம்மா. வண்டின்னா நம்பர் இருக்கணும். வெளிய வேலியோரம் நிறுத்திட்டு வா."

இரண்டே நாளில் வேலியோரத்திலிருந்து இரண்டு சைக்கிள்கள் காணாமல் போயின. ஒன்று எனக்குப் பக்கத்து மேசைப் பெண்ணுடையது. மறுநாள் அவள் நடந்து வந்தாள், தாமதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் கேட்டில் நின்று கேட்டேன். "தமிழ்ல வண்டி, தெலுங்குல பண்டி, உங்க கன்னடத்துல காடி. எந்த பாஷையிலண்ணா சைக்கிளு வண்டியில்லாம போச்சு?"

"ஆபீஸ்ல சொன்னத நான் சொல்றேன். எனக்கு ஏம்மா வம்பு?"

"சரி, வண்டியில்லல்ல? அப்ப இது என் சாமான். டிபன் பாக்ஸ் மாதிரி."

நடந்து வருகிறவர்களுக்கான சின்ன கேட் வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், அசெம்பிளி ஹாலில் என் மேசையோரம் சாய்த்து வைத்தேன். லைன் முழுக்கச் சிரிப்பு. சூப்பர்வைசருக்கு மட்டும் முகம் சுண்டிப்போனது.

மதியத்துக்குள் மெமோ வந்தது. "இன்னொண்ணு வாங்கினா வீட்டுக்குப் போக வேண்டியதுதான், பாத்துக்கோ" என்றார் சூப்பர்வைசர். பயமில்லை என்று சொன்னால் பொய். டீ டைமில் கழிப்பறைப் பக்கம் நின்று மெமோவை மறுபடி படித்தேன். 'அனுமதியின்றித் தங்கள் வாகனத்தைப் பணியிடத்துக்குள் கொண்டுவந்தமைக்கு விளக்கம் தரவும்.' கீழே கையெழுத்து, ஆபீஸ் முத்திரை.

வாகனம். அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சாயங்காலமே சைக்கிள்காரர்கள் எல்லோரிடமும் அதைக் காட்டினேன். மறுநாள் காலை யாரும் வேலியோரம் நிறுத்தவில்லை. பெரிய கேட்டின் முன்னால் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

செக்யூரிட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வரியின் மேல் விரல் வைத்து நானே படித்துக் காட்டினேன். முத்திரையை மட்டும் அவர் இரண்டு முறை உற்றுப் பார்த்தார். பிறகு பெரிய கேட்டை முழுசாகத் திறந்து, வண்டி ரிஜிஸ்டரை எடுத்தார்.

"நம்பர்னு ஒரு கட்டம் இருக்குதேம்மா. அதுல என்னான்னு எழுத?"

"மெமோ நம்பர எழுதுங்கண்ணா."

எழுதினார். பின்னால் நின்ற பதினோரு சைக்கிளுக்கும் அதே நம்பரைத்தான் எழுதினார்.