இன்னும் அனுப்ப முடியும்

எட்டு வருஷம் பிள்ளை வளர்த்துவிட்டு நான் மறுபடி வேலைக்குப் போன முதல் மாதம் அது. எங்கள் ஊர் மண்ணரையில் குழந்தைகள் பனியன் தைக்கும் சின்னக் கம்பெனி. பையர்களுக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு, மெயில் அடிப்பது என் வேலை. "ஒரு மாசம் பார்க்கலாம் கண்ணு, சரிப்பட்டா இருங்க" என்று முதலாளியம்மா சேர்க்கும்போதே சொல்லிவிட்டார். நானோ, இங்கிலீஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று அளந்துவிட்டிருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே!

அந்த மாதம் பார்த்து சாயப்பட்டறையிலிருந்து துணி மூன்று நாள் தாமதமாக வந்தது. திங்கட்கிழமை பையரிடமிருந்து மெயில். சொன்ன தேதி தாண்டிவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள்ளாவது சரக்கு கிளம்பாது என்றால் ஆர்டர் ரத்து, உடனே பதில் சொல்லுங்கள் என்று இருந்தது. முதலாளியம்மா கட்டிங் மேசைக்குப் போய்த் துணியைப் புரட்டினார், டெய்லர்களிடம் பேசினார், திரும்பி வந்தார்.

"ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. இன்னும் நம்மனால அனுப்ப முடியும்னு அடிச்சு உடுங்க கண்ணு."

அடித்துவிட்டேன். 'வி கேன் சென்ட் மோர்.' பந்தியில் சாம்பாருக்கு அப்புறம் வருகிற மோர் இல்லை, இங்கிலீஷ் மோர். இன்னும் கொஞ்சம் என்றால் மோர்தானே, அப்போது இன்னும் என்றாலே மோர்தான். என் மூளை அவ்வளவுதான் ஓடியது.

மதியம் பதில் வந்தது. தயவுசெய்து அதிகமாக எதையும் அனுப்ப வேண்டாம், கேட்டதே இன்னும் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே ஒரு கேள்வி: 'கேன் யூ ஸ்டில் சென்ட் தெம்?'

அந்த 'ஸ்டில்'லைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அட கடவுளே, பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே! கூடுதலாகக் கொடுப்பதற்கு மோர். நேரம் தாண்டிப்போனாலும் நம்மால் முடியும் என்பதற்கு ஸ்டில். நாம் இரண்டுக்கும் ஒரே 'இன்னும்' வைத்துக்கொண்டு ஜோராக வாழ்கிறோம். 'எஸ், வி கேன் ஸ்டில் சென்ட் தெம்' என்று அடித்து, வெட்டி அடுக்கிய துணியைப் போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்பினேன். ஆர்டர் போனால் என் வேலையும் போச்சு.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறோம் என்று மாலையில் பதில் வந்தது. அந்த நாலு நாளும் எல்லோரும் மிஷினை விட்டு எழவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நானும் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது.

அது தெரு முனையைத் தாண்டிய பிறகுதான் முதலாளியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "ஏனுங், கேட்டதுக்கே வழியக் காணோம், நீங்க மேல வேற அனுப்பறேன்னீங்களா!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அக்கா, திங்கட்கிழமை நான் வரட்டுங்களா, வேண்டாமுங்களா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூணு நாள் லேட்டான நம்மளுக்கே அவன் டைம் குடுத்தான். எட்டு வருஷம் கழிச்சு வந்த உங்களுக்கு நான் குடுக்க மாட்டனா கண்ணு?"