ஆரஞ்சுப் பழத்தில் அளந்த வழி

படிப்பு மூன்றாம் வகுப்பு. சொந்த லாரி ஏழு. கிலோமீட்டர் கணக்கில் என்னை ஏமாற்றக்கூடிய டிரைவர் எங்கள் ஊர் காரிமங்கலத்தில் இன்னும் பிறக்கவில்லை.

மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானம் ஏறினேன். பதினான்காயிரம் கிலோமீட்டர், பதினேழு மணி நேரம் என்றார்கள். எதிரே திரையில் வழியைப் பார்த்ததும் கொதித்துவிட்டேன். விமானம் நேராகப் போகாமல் வடக்கே வளைந்து போனது.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். "ஏம்மா, உங்க டிரைவரு சுத்திப் போறாரு. எம்பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது, நேரா வுடச் சொல்லு!"

பின்னாலிருந்து ஒருவர், "எறங்கி வழி கேக்கலாங்களா பெரியவரே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கத்து இருக்கையில் இருந்த அரூர்க்கார நர்ஸ் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஓர் ஆரஞ்சுப் பழத்தில் பேனாவால் இரண்டு புள்ளி வைத்தாள். "இது பெங்களூரு, இது அமெரிக்காங்க அய்யா. உங்க துண்டுல ஒரு நூலை உருவி, நீங்களே இழுத்துப் பாருங்க."

இரண்டு புள்ளிக்கும் நேராக நூலை வைத்து இறுக்கி இழுத்தேன். நூல் தானாக மேலே, வடக்குப் பக்கமாக நகர்ந்து, திரையில் பார்த்த மாதிரியே வளைந்து நின்றது. மூன்று தடவையும் அப்படியே. அந்த வளைவுதான் குறுக்குவழி.

பேத்தி பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்; ஊரில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உலகம் உருண்டை என்று அவர்கள் படித்தார்கள். நான் அளந்து பார்த்தேன்.